மனப்பாடம் செய்துவந்த அப்பா

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த கையோடு, அதே கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது. காலையில் வேலை, மதியத்துக்கு மேல் ஆராய்ச்சி என்றுதான் பேச்சு. நடந்ததோ நாள் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராய்ச்சி. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தால் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் எனக்கென்று ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் இருந்தன. இருபத்து நான்கு வயதில் தலை கனக்க அது போதும்.

மாணவர் நலம் என்று கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய சேவை போலத் தோன்றும். பாதி நாள் பஸ் பாஸ் படிவத்தில் முத்திரை குத்துவேன், போனஃபைட் சான்றிதழ் அச்செடுப்பேன், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிய புகார்களைப் படிப்பேன். மீதிப் பாதி நாள், "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிரிவில் மொத்தமே மூன்று பேர். டீன் அடிப்படையில் வேதியியல் பேராசிரியர். கூடுதல் பொறுப்பாக இதைத் தலையில் கட்டியிருந்தார்கள், அவரும் கோபப்படாமல் சுமந்துகொண்டிருந்தார். அலுவலக உதவியாளராக ஒரு அக்கா இருந்தார், கூடுவாஞ்சேரிக்காரர். டீ வாங்குவதிலிருந்து டீனுக்கு ஞாபகப்படுத்துவதுவரை எல்லாம் அவர்தான். மூன்றாவது ஆள் நான்.

அப்பாவைக் கூட்டி வரச் சொன்னால் பையன்கள் யாராவது ஓர் அப்பாவைக் கூட்டி வந்துவிடுவார்கள். இது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒருவனுக்காக வந்த அப்பா பையனின் பதிவு எண், பிறந்த தேதி, வகுப்பு ஆலோசகர் உட்காரும் அறை வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்து, "வீட்ல பையனைச் செல்லமா என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். மனிதர் முழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "வுட்ருங்க மேடம். ஒரு பிரியாணி வாங்கித் தரேன்னான், வந்துட்டேன்" என்றார். எதிர்ச்சாரியில் ஜூஸ் கடை வைத்திருப்பவராம். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் போலி அப்பாக்களுக்கு 'பிரியாணி அப்பா' என்று பெயர் வந்தது, எனக்கும் ஓர் அபார நம்பிக்கை வந்தது.

என் கண்டுபிடிப்பு இதுதான்: நிஜ அப்பாக்களுக்கு ஒன்றும் தெரியாது. "இன்னாமோ கம்ப்யூட்டர் படிக்கிறான் மேடம்" என்பார்கள். பிறந்த தேதி கேட்டால் "ஆடி மாசம்" என்பார்கள். என் அப்பாவே இதற்குச் சாட்சி. நான் என்ன படிக்கிறேன் என்று தெருவில் யாராவது கேட்டால், "டாக்டருக்குப் படிக்கிறா, ஊசி போடாத டாக்டர்" என்பார். ஆகவே எல்லாம் சரியாகச் சொல்பவர் போலி, தப்பும் தவறுமாகச் சொல்பவர் அசல். ஜூஸ் கடைக்காரரோடு சேர்த்து நான்கு பேரைப் பிடித்தேன். டீன் "பரவாயில்லையேம்மா" என்றார். என் ஆராய்ச்சியின் தலைப்பே குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றியதுதான் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பருவத்தில், வருகை குறைந்தவர்களுக்கான கடைசி நாள் வந்தது. வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. கொஞ்சம்தான் குறைவு என்றால் ஒரு மன்னிப்புப் படிவம் உண்டு. பெற்றோர் வந்து, எங்களில் ஒருவர் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஃபோட்டோ எடுத்து அனுப்புவதெல்லாம் செல்லாது. மாலை ஐந்து மணிக்கு டீன் பட்டியலைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்புவார். அதில் பெயர் இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை, ஒரு வருடம் போச்சு.

காலை பதினோரு மணிக்கு மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், மூன்றாம் வருட பி.காம்., தன் அப்பாவோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. முழுக்கைச் சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு, எண்ணெய் வைத்துப் படியத் தலை வாரியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றார். அப்பாக்கள் யாரும் எனக்கு குட் மார்னிங் சொன்னதில்லை. அங்கேயே என் சந்தேகம் தொடங்கிவிட்டது.

"பொண்ணு என்ன படிக்கிறாங்க?"

"பி.காம்., மூணாவது வருஷம், பி செக்ஷன், மேடம்." பதிவு எண்ணையும் கேட்காமலே சொன்னார். பிறந்த தேதியையும் கிழமையோடு சொன்னார். வகுப்பு ஆலோசகர் இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றார். வருகை அறுபத்தெட்டு சதவீதம், பிரச்சினை முழுக்க முதல் ஹவரில்தான் என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "வீட்ல பொண்ணைச் செல்லமா என்னன்னு கூப்பிடுவீங்க?"

அவர் வாயைத் திறந்து, மூடி, மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பேரு சொல்லித்தான் மேடம் கூப்புடுவோம்" என்றார்.

ஆதார் அட்டை கேட்டேன். வேலை செய்யும் இடத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மாவைக் கூட்டி வரலாமே என்றேன். மூத்த பெண்ணின் பிரசவத்துக்கு மதுராந்தகம் போயிருக்கிறாள் என்றார். பிரியாணி அப்பாக்கள் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சேர்க்கைப் படிவத்தில் இருந்த அப்பாவின் எண்ணுக்கு அவர் கண்முன்னாலேயே அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சட்டைப்பையில் எதுவும் அடிக்கவில்லை. எங்கேயோ ஒரு குரல் எடுத்தது. பெண்ணின் அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ட்யூட்டில கீறாரு மேடம். ஸ்விம்மிங் பூல்ல க்ளீன் பண்ணிகினு கீறாரு. இன்னா விசயம்?"

ஃபோனை வைத்தேன்.

"மேடம், அது நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன்" என்றார் அவர் அவசரமாக. "காலைல க்ளீனிங் முடிச்சிட்டு சொல்லாம வந்துட்டேன். சூப்பர்வைசர் கூப்ட்டா எடுத்துச் சொல்லுடான்னு கூட வேல செய்றவன்கிட்ட ஃபோனக் குடுத்துட்டு வந்தேன்."

நான் அன்று கத்தினேன். மாணவர் நலத்தில் கத்தவே கூடாது என்று முதல் நாள் டீன் சொல்லியிருந்தார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா, வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கோங்க, படிக்கிற பொண்ணுக்குத் துணை போகலாமா என்று என்னென்னவோ பேசினேன். அந்தப் பெண் "மேடம், எங்க அப்பாதான் மேடம்" என்று இரண்டு முறை சொன்னாள். அவர் அவள் தோளில் கை வைத்து நிறுத்தினார். "சரி மேடம். உங்க வேலய நீங்க பாக்குறீங்க" என்றார். திரும்ப ட்யூட்டிக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று மகளிடம் மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஐந்தாவது பிரியாணி அப்பாவைப் பிடித்த மகிழ்ச்சியில் நான் டீ கேட்டேன். அக்கா டீயோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"வெளிய பெஞ்ச்ல கெடந்துச்சி மேடம். அந்தாளு போகச்சொல்ல வுட்டுட்டுப் போய்ட்டாரு. படிச்சிப் பாருங்க. எனக்கென்னவோ இது டூப்ளிகேட்டாத் தெரியல. ஷூவ வெளிய கழட்டி வுட்டுட்டு வந்தாரு, நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அக்கவுண்ட்ஸ் நோட்டிலிருந்து கிழித்த தாள் அது, நான்காக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. அந்தப் பெண்ணின் குண்டுக் கையெழுத்து. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று வகுப்பு, பதிவு எண், மாடி, லிஃப்ட் எல்லாம் இருந்தன. உள்ளே போனதும் குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்று இருந்தது. 'அங்க என்னை வூட்டுப் பேரு சொல்லிக் கூப்பிடாத, பசங்க கிண்டல் பண்ணுவாங்க' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். கடைசி வரி இது: 'பயப்படாத நைனா. அந்த மேடம் நல்லவங்க, கத்த மாட்டாங்க.'

டீ ஆறிப்போனது. எனக்கு அழுகை வந்தது, அக்கா முன்னால் அடக்கிக்கொண்டேன்.

டீனிடம் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டே முக்கால். "படிவத்தை எடுத்துக்கிட்டு நீயே போம்மா. உன் கண்முன்னால கையெழுத்து வாங்கிட்டு வா. அஞ்சு மணிவரைக்கும்தான் லிஸ்ட்டை நான் பிடிச்சு வைக்க முடியும்" என்றார்.

வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் சாப்பிட்டு, கை கழுவி, பக்கத்து பஸ் டிரைவரோடு பேசி முடித்து ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம், "மன்னிச்சிடும்மா, நான் பண்ணது ரொம்பத் தப்பு" என்றேன்.

"என்கிட்ட சொல்லாதீங்க மேடம். நைனாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் மறுபடியும் பத்து நிமிடம் நின்றது. "காலைலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "முக்காவாசி நாள் இப்டித்தான் மேடம். காலைல நான் வர்ற பஸ்ஸுக்கு முந்தினது அஞ்சரைக்கு. அத வுட்டா இதுதான். காலேஜுக்கு வரச்சொல்ல முதல் ஹவர் ஆரம்பிச்சிடும். பத்து நிமிசம் லேட்டு. ஒரு லேட்டுக்கே அரை நாள் ஆப்சென்ட் போட்டுருவாங்க" என்றாள். அறுபத்தெட்டு சதவீதத்தின் கதை மொத்தமும் இவ்வளவுதான். அவள் ஒரு நாள்கூட கல்லூரிக்கு வராமல் இருந்ததில்லை. இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை, மாணவர் நலப் பிரிவு உட்பட.

மாமல்லபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சவுக்குத் தோப்பு தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்தாள். "மேடம், கேட்ல காலேஜ்லேர்ந்து வரோம்னு சொல்லாதீங்க. காலைல நைனா வெளிய வந்தது தெரிஞ்சா வேலைக்கே பேஜாராய்டும்."

"அப்ப என்ன சொல்றது?"

"நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கடற்கரை ஓரத்து அந்த ரிசார்ட்டின் வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு செக்யூரிட்டி இருந்தார். அவருக்கு அவளைத் தெரியவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். "சரி பாப்பா. இவங்க யாரு?" என்றார் என்னைக் காட்டி. "சித்தி" என்றாள், கண் இமைக்காமல்.

"சித்தின்னா? உங்க அம்மாவுக்குத் தங்கச்சியா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்டித்தான் போன வாரம் சொந்தக்காரங்கன்னு சொல்லிகினு ரீல்ஸ் எடுக்குற கும்பல் உள்ள பூந்துடுச்சி. எனக்குத்தான் டோஸ் வுழுந்துச்சி. உங்க அக்கா பேரு இன்னாம்மா?"

கையிலிருந்த படிவத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. சொன்னேன். வீட்டு முகவரி கேட்டார். சொன்னேன், பின்கோடோடு. பாப்பா என்ன படிக்கிறது என்றார். பி.காம்., மூன்றாம் வருடம், பி செக்ஷன் என்று தொடங்கி, பதற்றத்தில் பதிவு எண்ணையும் சேர்த்து ஒப்பித்துவிட்டேன். பக்கத்தில் அந்தப் பெண்ணின் உதடுகள் கூடவே அசைவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"இன்னாம்மா சித்தி இது, நம்பரெல்லாம் சொல்லுது! என் பையன் எந்த கிளாஸுன்னே எனக்குத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். "பத்து நிமிசத்துல வந்துருங்க."

நீச்சல் குளத்தின் ஓரமாக, நீளக் கம்பில் கட்டிய வலையால் மிதக்கும் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார் அவர். அரைக்கால் சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்றார். "குட் ஆஃப்டர்நூன் மேடம்."

"மன்னிச்சிடுங்க. நான் உங்களை நம்பல. கத்தவும் செஞ்சிட்டேன். ரெண்டுமே தப்பு" என்றேன்.

"அய்ய, வுடுங்க மேடம். ஃபோன்ல பொய் சொல்லச் சொன்னது நானு. உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, ஊதிக் காயவைத்து, மோட்டார் அறைத் திண்டில் படிவத்தை வைத்துத் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினார்.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? காலைல நான் சொன்னதுல எதுனா தப்பா?"

"இல்லைங்க. எல்லாம் சரி."

"பஸ்ல வரச்சொல்ல ஃபுல்லா படிச்சிகினே வந்தேன். காலேஜுக்கு உள்ள வர்றது எனக்கு அதான் ஃபர்ஸ்ட் டைம். எல்லாம் கரெக்ட்னா, அப்புறம் ஏன் மேடம் ஃபெயில் ஆக்குனீங்க?"

கேலியில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் சூத்திரத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? "பேப்பர் திருத்துனவங்கமேலதான் தப்பு" என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். மகளும் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்து, ஐந்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது டீன் மேசையில் படிவத்தை வைத்தேன். அவர் பட்டியலின் கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அக்கா புது டீ கொண்டுவந்தார். பசியில் நான் இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் பஸ் நேரங்களை எழுதி டீனுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். கடற்கரைப் பக்கமிருந்து அந்த பஸ்ஸில் வருபவர்களுக்கு முதல் ஹவரில் பதினைந்து நிமிடம் தரலாம் என்று. இரண்டு கூட்டம், மூன்று கையெழுத்து தாண்டி அது நடந்தது. பதினோரு பிள்ளைகளுக்கு அதனால் பலன். அந்த வேலையில் நான் எழுதியவற்றில் உருப்படியான முதல் கடிதம் அதுதான். சூத்திரத்தைக் கைவிட்டேன். பிரியாணி அப்பாக்கள் இரண்டொருவர் அதற்குப் பிறகு தப்பித்திருக்கலாம், போகட்டும்.

அடுத்த பருவத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. கையெழுத்துக்காகப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார், இந்த முறை முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு. அதே முழுக்கைச் சட்டை. ஷூவைக் கழற்றப் போனவரை அக்கா ஓடிப்போய்த் தடுத்து, ஷூவோடு உள்ளே கூட்டி வந்தார். நான் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். பதிவேட்டைத் திருப்பிவைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

போட்டார். ஆனால் நகரவில்லை.

"அவ்ளோதானா மேடம்? கேள்வி எதுவும் கேக்கலியா?"

"உங்ககிட்ட எதுக்கு சார் கேள்வி?"

"இல்ல, படிச்சிட்டு வந்தேன்" என்றார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்டேன். வகுப்பு, பதிவு எண், பிறந்த தேதி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சொன்னார். வருகை எவ்வளவு என்றேன். "தொண்ணூத்தி ஒண்ணு மேடம்" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். மகளின் உதடுகள் இந்த முறை அசையவில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

"கடைசிக் கேள்வி" என்றேன். "வீட்ல பொண்ணைச் செல்லமா என்னன்னு கூப்பிடுவீங்க?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு நொடி யோசித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள். அவர் மேசைமேல் குனிந்து, எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னார்.

"பாஸ்" என்றேன். அந்தப் பெயரை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.